ஐந்நூற்றிருபது புள்ளி ஐந்து

அந்த ஆராய்ச்சி நிலையத்தில் அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் பாதிப் பேர் விழிப்பார்கள். "ஐநூத்திருபது அக்கா" என்றால் வாசல் காவலாளிகூடக் கையை நீட்டி வழி சொல்லிவிடுவார். நேரே போய், படிக்கட்டுப் பக்கம் திரும்பினால் கடைசிக் கதவு. கதவுக்கு மேல் சிவப்பு விளக்கு எரிந்தால் வெளியே நிற்க வேண்டும், உள்ளே லேசர் ஓடுகிறது என்று அர்த்தம்.

பட்டப்பெயர் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். அந்த அறையில் இருப்பது ராமன் கருவி. ஒரு பொருளின்மேல் பச்சை லேசர் ஒளியை விழவைத்தால், அநேகமாக எல்லா ஒளியும் போன நிறத்திலேயே திரும்பி வரும். கோடியில் ஒரு பங்கு மட்டும் பொருளோடு கொஞ்சம் உரசிவிட்டு, நிறம் ஒரு இம்மி மாறித் திரும்பும். எவ்வளவு மாறியது என்பதைக் கருவி எண்ணாகச் சொல்லும். ஒவ்வொரு பொருளுக்கும் அதற்கென்று சில எண்கள் உண்டு. ஆனால் கருவியும் மனிதர்கள் செய்ததுதானே, வெப்பம் ஏறினாலோ யாராவது இடித்தாலோ அதன் புத்தி லேசாகப் பிசகும். அதனால் தினமும் காலையில், எண் ஏற்கெனவே தெரிந்த ஒரு பொருளைக் காட்டி அதைச் சோதிப்பது வழக்கம். அந்தப் பொருள் நகத்தளவு சிலிக்கன் சில்லு. அதன் எண் ஐந்நூற்றிருபது புள்ளி ஐந்து. கருவி அதையோ, அதற்குப் பக்கத்திலோ சொன்னால் புத்தி தெளிவாக இருக்கிறது. வேறு எதையாவது சொன்னால், திருத்திவிட்டுத்தான் மற்ற வேலை.

பத்தொன்பது வருடமாக அந்தச் சோதனையைச் செய்துவந்தவள் அவள்தான். லேசர் சூடாக அரை மணி, சில்லை வைத்து, அதன்மேல் ஒளியைக் குவித்து எடுக்கப் பத்து நிமிடம். பிறகு நீல அட்டைப் பதிவேட்டில் தேதி, எண், கையெழுத்து. அது முடியும்வரை பேராசிரியரே வந்து நின்றாலும், "மொதல்ல ஐநூத்திருபது, அப்புறம்தான் நீங்க சார்" என்று சிரித்துக்கொண்டே வெளியே உட்காரவைப்பாள். வீட்டிலும் அப்படித்தான். சுவர்க் கடிகாரத்தை வாரம் ஒருமுறை வானொலி நேரத்தோடு ஒத்துப் பார்ப்பாள். நர்சிங் படிக்கும் மகள், "எனக்குக் காய்ச்சல் வந்தா அம்மா மொதல்ல தெர்மாமீட்டருக்குக் காய்ச்சலான்னு பாப்பாங்க" என்று தோழிகளிடம் சொல்லிச் சிரிப்பாள். கேலிதான் என்றாலும் அவளுக்கு உள்ளூரக் குளிர்ந்துபோகும்.

அப்படிப்பட்டவள் ஏன் அப்படிச் செய்தாள் என்று கேட்டால், சொல்வதற்கு ஒரு நோய்கூட இல்லை. வீட்டில் சாவில்லை, சண்டையில்லை, மனக்கஷ்டம் என்று ஒரு மண்ணும் இல்லை. ஒரு நாள் காலையில் மழை பெய்தது, பேருந்து தாமதம், அவ்வளவுதான். அறைக்கு வந்து சேர்ந்தபோது மூன்று பேர் மாதிரிகளோடு வாசலில் நின்றார்கள். பத்தொன்பது வருடமாக அதே எண்ணைத்தான் சொல்கிறது, இன்றைக்கு மட்டும் மாற்றியா சொல்லப்போகிறது என்று ஒரு நினைப்பு வந்தது. பதிவேட்டைத் திறந்து 520.5 என்று எழுதினாள். மனசு உறுத்தியது உண்மை. மறுநாள் காலையில் முதல் வேலையாகச் சில்லை வைத்துப் பார்த்தாள். கருவி 520.5 என்றே சொன்னது.

அதுதான் வினையாகப் போயிற்று. பிசகியிருந்தால் பயந்திருப்பாள். சரியாக இருந்ததால் தைரியம் வந்துவிட்டது. பிறகு வாரத்துக்கு இரண்டு நாள் அளந்தாள், பிறகு ஒரு நாள், பிறகு எப்போது கடைசியாக அளந்தோம் என்பதே மறந்துபோனது. பதிவேடு மட்டும் ஒரு நாள் விடாமல் நிறைந்தது. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எல்லா நாளும் ஒரே எண் இருந்தால் பார்ப்பவர்களுக்குச் சந்தேகம் வரும் என்று, இடையிடையே 520.4 என்றும் 520.6 என்றும் மாற்றி எழுதினாள். சோம்பலை யாரும் மன்னிப்பார்கள். இந்த 520.4-க்கு என்ன சமாதானம் சொல்வது? பின்னாளில் அவளைத் தூங்கவிடாமல் செய்தது சோம்பல் அல்ல, அந்தப் புள்ளி நான்குதான்.

இனி குழாய்க்காரர். முப்பத்தாறு வயது, ஒப்பந்த வேலை, கரியாலான நானோ குழாய்களில் ஆராய்ச்சி. தலைமுடியை ஐம்பதாயிரமாக வகிர்ந்தால் வரும் பருமன் அந்தக் குழாய்களுக்கு. "மாப்பிள்ளை குழாய் வேலை பாக்கறார்" என்று யாரோ சொன்னதை நம்பி, அவருடைய மாமியார் கல்யாணமான முதல் வாரமே சமையலறைத் தொட்டி அடைத்துக்கொண்டதைக் காட்டினாராம். அதை அவரே சொல்லிச் சிரிக்கப்போய் பெயர் ஒட்டிக்கொண்டது. எல்லோரிடமும் உறவு வைத்துப் பேசுகிற மனிதர். ஸ்டோர் அதிகாரியிடம் மட்டும் 'மேடம்'. "அந்தம்மா கையெழுத்துக்குத்தான் அக்கா அந்த மேடம், எனக்கு வேற வேலையா?" என்பார். அவளை அவர் முதல் நாளிலிருந்தே கூப்பிடுவது 'அக்கா' என்றுதான்.

அவருடைய கேள்வி ஒன்றே ஒன்று. தான் காய்ச்சி வைத்திருக்கும் ஒரு திரவத்தில் ஊறவைத்தால், குழாய்கள் மின்சாரத்தை இன்னும் நன்றாகக் கடத்தும்படி மாறுமா? மாறினால், கருவி திரையில் வரையும் கோட்டில் குழாய்க்குரிய பெரிய முகடு, ஆயிரத்து ஐந்நூற்றுத் தொண்ணூறுக்குப் பக்கத்தில் இருப்பது, கொஞ்சம் மேலே நகர வேண்டும். ஊறவைக்கும் முன் ஒருமுறை அளந்தார். இரண்டு மாதம் கழித்து, ஊறிய குழாய்களை அளந்தார். முகடு சரியாக மூன்று எண் நகர்ந்திருந்தது. மனிதர் நாற்காலியை விட்டு எழுந்து, லேசர் அறையில் ஓடக்கூடாது என்ற பலகையைப் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார். "அக்கா, நகந்துருச்சு" என்றார். அவருடைய ஒப்பந்தம் முடிவதற்குள் கட்டுரை வெளியானால் நிரந்தர இடம் கிடைக்கும் என்று பேராசிரியர் சொல்லியிருந்தார். கட்டுரையின் கடைசியில் நன்றி சொல்லும் இடத்தில், கருவியை நாள்தோறும் தவறாமல் சரிபார்த்துத் தந்தவர் என்று அவளையும் ஒரு வரி எழுதியிருந்தார். அச்செடுத்து வந்து காட்டினார். அவள் படித்துவிட்டு, "எதுக்குப்பா இதெல்லாம்" என்றாள். அடக்கம் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

அந்த இரண்டு அளவுகளுக்கும் நடுவே நடந்த ஒன்று அவளுக்கு மட்டும் தெரியும். அறையின் ஏசி கெட்டுப்போய், பழுதுபார்க்க இரண்டு பேர் வந்தார்கள். ஏணி வைக்க இடம் போதவில்லை என்று கருவி இருந்த மேசையை ஒரு சாண் நகர்த்தினார்கள். திரும்ப வைக்கும்போது 'தொம்' என்று ஒரு சத்தம். அவள் அங்கேதான் நின்றாள். நாளைக்குக் காலையில் நன்றாகப் பார்த்துவிட வேண்டும் என்று நினைத்தாள். மறுநாள் காலையில் வாசலில் ஆட்கள் நின்றார்கள். 520.4 என்று எழுதினாள்.

இதழுக்குப் போன கட்டுரையைப் படித்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டிய, முகம் தெரியாத யாரோ ஒருவருக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. அவர் எழுதியிருந்தது இது: பெரிய முகடு நகர்ந்ததைப் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் குழாயின் பருமனைக் காட்டும் சின்ன முகடும் அதே மூன்று எண் நகர்ந்திருக்கிறதே. திரவத்தில் ஊறினால் குழாய் இளைத்துப்போகுமா? நகர்ந்தது குழாயா, கருவியா? அந்த நாட்களின் சோதனைப் பதிவுகளை அனுப்பவும்.

ஒரு வியாழக்கிழமை, குழாய்க்காரர் அந்தக் கடிதத்தோடு சிரித்துக்கொண்டே வந்தார்.

"அக்கா, ஊர் உலகத்துல எவனும் லாக்புக் ஒழுங்கா எழுதறதில்லன்னு நம்மளையும் அந்தக் கணக்குல சேத்துட்டான். நம்ம நீல புத்தகத்தக் குடுங்க, மூஞ்சியில அடிச்ச மாதிரி அனுப்பிடறேன்."

"இன்னைக்குப் பதிவு பாக்கி இருக்கு. நாளைக்குத் தரேனே" என்றாள். அவர் சரியென்று போனார். கதவைச் சாத்தி, சிவப்பு விளக்கைப் போட்டு, இழுப்பறையிலிருந்து சில்லை எடுத்தாள். அதன் டப்பாமேல் தூசி படிந்திருந்தது. தூசியைப் பார்த்ததுமே அவளுக்கு முகம் சுட்டது.

கருவி 523.4 என்றது. சில்லைத் துடைத்து மறுபடி வைத்தாள். 523.4. லேசரை அணைத்து, அரை மணி காத்திருந்து, புதிதாகத் தொடங்கினாள். 523.5. நகர்ந்த மூன்று எண்ணும் அங்கேதான் இருந்தன. குழாய்க்காரர் ஓடக்கூடாது என்ற பலகையைப் பார்த்து உட்கார்ந்தாரே, அந்த மூன்று. அவர் மட்டும் குழாய்களைச் சிலிக்கன்மேல் பரப்பியிருந்தால் அதுவே கூடவே நகர்ந்து காட்டிக்கொடுத்திருக்கும். அவர் பரப்பியது கண்ணாடி போன்ற குவார்ட்ஸ் தகட்டில். காட்டிக்கொடுக்க அவளைத் தவிர அங்கே ஒன்றும் இல்லை.

மறுநாள் அவள் செய்தது பாதி உண்மை சொல்வது. பாதி உண்மை என்று மரியாதைக்குச் சொல்கிறேன், அது முழுப் பொய்தான்.

"நேத்து சில்லு வெச்சுப் பாத்தேன்பா. மூணு நகந்திருக்கு. உங்க நம்பர்ல எனக்குக் கொஞ்சம் சந்தேகமா இருக்கு" என்றாள்.

அவர் முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் அரை நிமிடம்தான். மேசைமேல் இருந்த நீலப் பதிவேட்டைத் தானே எடுத்துப் புரட்டினார். விரல் ஒரு வரியில் நின்றது.

"நேத்துதானே அக்கா நகந்திருக்கு? நான் ஊறினத அளந்தது நாலு மாசம் முன்னாடி. இதோ, அன்னைக்கு 520.4. அதுக்கு முந்தின நாள் 520.6. முந்தாநேத்துகூட சரியா இருந்திருக்கு. உங்க கையெழுத்து. அய்யோ, ஒரு நிமிஷம் உயிரே போயிருச்சு." நெஞ்சில் கைவைத்துச் சிரித்தார். "நல்லவேளை, நீங்க எழுதி வெச்சிருக்கீங்க. வேற யாரா இருந்தாலும் நான் செத்தேன்."

கைபேசியில் ஏழு மாதப் பக்கங்களையும் ஒவ்வொன்றாகப் படம் பிடித்தார். காகிதம் மடங்காமல் இருக்க ஓரத்தைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். அவள் பிடித்துக்கொண்டாள். திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் பேராசிரியரிடம் காட்டிவிட்டு அன்றைக்கே அனுப்பிவிடுவதாகச் சொல்லிவிட்டு, "தேங்க்ஸ் அக்கா" என்று போனார். அவள் எழுதிய பொய்யே அவள் சொல்லவந்த உண்மையை மறித்துக்கொண்டு நின்றது. அதை மீறிச் சொல்ல வேண்டுமானால் முழுசாக அவிழ்த்துவிட வேண்டும், வேறு வழியில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பால்கனியில் துணி உலர்த்தினார்கள். அவளுடைய கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஒவ்வொரு லிஃப்டின் இயந்திர அறையிலும் ஒரு அட்டை தொங்கும். மாதாமாதம் கயிறு, பிரேக் எல்லாம் பார்த்துவிட்டு அதில் தேதி போட்டுக் கையெழுத்திட வேண்டும்.

"ஏங்க, பாக்காமலே கார்டுல கையெழுத்துப் போடறவங்க உண்டா?" என்று கேட்டாள்.

"ஏன் இல்லாம? எட்டு மாடி ஏறணுமே, மூட்டு வலிக்கும்" என்றார் அவர், வாயில் ஒரு கிளிப்பைக் கவ்வியபடி. "அனேகமா ஒண்ணும் ஆகாது. கயிறு என்ன கார்டப் படிச்சுப் பாத்துட்டா அறுந்துபோகும்?"

"அப்ப தப்பில்லையா?"

"உள்ள ஆள் இல்லாதவரைக்கும் அது சோம்பேறித்தனம். ஆள் இருந்தா அதுக்குப் பேர் வேற." கிளிப்பை எடுத்துத் துணியில் மாட்டினார். "யாரு, உங்க ஆபீஸ்ல யாராவது மாட்டிக்கிட்டாங்களா?"

"இன்னும் மாட்டல. ஒருத்தங்க எழுதி வெச்சிருக்காங்க."

"உள்ள ஆள் இருக்கா?"

அவள் ஒரு சட்டையை உதறினாள். ஏற்கெனவே உதறிய சட்டைதான். "இருக்கார்" என்றாள்.

"அப்பறம் என்ன கீழ நின்னு வேடிக்கை? போய் நிறுத்தச் சொல்லு." அந்த ஒருத்தங்க யார் என்று அவர் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததே, தெரிந்துகொண்டார் என்பதற்கு அடையாளம். மிச்சத் துணியைத் தானே உலர்த்துவதாகச் சொல்லி அவளை உள்ளே போகச் சொன்னார். கணவர் முகத்தைப் பார்க்க அன்று முழுக்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

திங்கட்கிழமை சீக்கிரமே கிளம்பினாள். கூட்டத்துக்கு முன்பே குழாய்க்காரரைத் தனியாகப் பிடித்துச் சொல்லிவிட வேண்டும் என்பது திட்டம். தனியாகச் சொன்னால் ஒருவர் முன்னால் மட்டும் கூனிக்குறுகினால் போதும் என்ற கணக்கும் அதில் இருந்தது. அவருடைய இருக்கையில் பை இருந்தது, ஆள் இல்லை. மாடியில் கூட்ட அறைக்குப் போனாள். கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே எட்டுப் பேர். சுவர் முழுக்க வெளிச்சமாக அவளுடைய கையெழுத்து.

பதிவேட்டின் பக்கத்தைத் திரையில் போட்டிருந்தார். ஒவ்வொரு இலக்கமும் ஒரு முழம் உயரம். ஓரத்தில் பக்கத்தைப் பிடித்திருந்த அவளுடைய கட்டைவிரலும் படத்தில் விழுந்திருந்தது. 520.5, 520.5, 520.4, 520.5, 520.6. தூரத்திலிருந்து பார்த்தால் உண்மையிலேயே அழகாகத்தான் இருந்தது.

"வாங்க, வாங்க. உங்களப் பத்திதான் பேச்சு" என்றார் பேராசிரியர். மற்றவர்கள் பக்கம் திரும்பி, "பாத்துக்கங்க. லாக்புக்னா இப்படி இருக்கணும். நீங்க எல்லாரும் எழுதறது கிறுக்கல்" என்றார். இரண்டு பேர் அவளைப் பார்த்துப் புன்னகைத்தார்கள். ஒருவர் எழுந்து நாற்காலி கொடுத்தார்.

அவள் உட்காரவில்லை. "சார், அது நான் அளந்த நம்பர் இல்ல" என்றாள்.

"எது?"

"எதுவுமே. ஏழு மாசமா நான் அளக்கல. எழுதினது மட்டும்தான். ஏசி ரிப்பேர் பண்ண வந்தப்ப மேசைய நகத்தினாங்க. அப்பவே பிசகியிருக்கும். வியாழக்கிழமைதான் சில்லு வெச்சுப் பாத்தேன், மூணு தள்ளியிருக்கு."

குழாய்க்காரர் முதலில் சிரித்தார். அவள் விளையாடுகிறாள் என்றே நினைத்தார், பாவம். "என்னக்கா நீங்க. ஒரே நம்பரா இருந்தா நம்பலாம். புள்ளி நாலு, புள்ளி ஆறுன்னு மாறி மாறி இருக்கே. அத எல்லாம் உக்காந்து கற்பனையா பண்ணினீங்க?"

"ஆமாம்பா" என்றாள். "பாக்கறவங்க நம்பணும்னுதான் மாத்தி மாத்தி எழுதினேன்."

திரையை அணைக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எல்லோரும் அந்த முழ உயர எண்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். குழாய்க்காரர் மட்டும் அவளைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பாள். இவ்வளவு நாள் பேசியது யாரோடு என்று தேடுகிறவர் மாதிரி பார்த்தார்.

பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். கருவியைத் திருத்தி, குழாய்களை மறுபடி அளந்தார்கள். ஊறியதற்கும் ஊறாததற்கும் வித்தியாசம் புள்ளி ஒன்று, அதாவது ஒன்றுமில்லை. திரவம் குழாய்களை எதுவும் செய்யவில்லை, நனைத்ததைத் தவிர. குழாய்க்காரர் தானே கடிதம் எழுதிக் கட்டுரையைத் திரும்பப் பெற்றார். கடிதத்தில் கருவியின் சோதனையில் நேர்ந்த தவறு என்று மட்டும் இருந்தது, யாருடைய தவறு என்று இல்லை. நன்றி சொன்ன அந்த வரியும் கட்டுரையோடு போயிற்று. நிரந்தர இடம் வேறொருவருக்குப் போனது. ஒப்பந்தத்தைப் பேராசிரியர் ஆறு மாதம் நீட்டிக் கொடுத்தார். அதற்கு மேல் என்ன என்று யாருக்கும் தெரியாது. ஏழு மாதத்தில் அந்தக் கருவியில் அளந்த மற்றவர்களும் ஆளுக்கொரு மூட்டையாகத் தங்கள் மாதிரிகளைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். அவள் ஒவ்வொருவரிடமும் வாங்கி, மறுபடி அளந்து கொடுத்தாள். யாரும் அவளைத் திட்டவில்லை. திட்டாமல், மாதிரியை மேசையில் வைத்துவிட்டுப் போனார்கள்.

வேலை போகவில்லை. அலுவலகத்திலிருந்து ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது, கூடவே ஒரு புது விதி. இனி காலைச் சோதனையை இரண்டு பேர் பார்த்து, இரண்டு பேரும் கையெழுத்திட வேண்டும். கருவியை அதிகம் பயன்படுத்துகிறவர் என்பதால் இரண்டாவது ஆள் குழாய்க்காரர்.

முதல் நாள் எட்டரை மணிக்கே அவர் வந்துவிட்டார். அவள் லேசரை ஏற்கெனவே போட்டுவைத்திருந்தாள். டப்பாவையும் துடைத்துவைத்திருந்தாள். சில்லை எடுக்கக் கை நீட்டினாள், அதற்குள் அவர் எடுத்துவிட்டார். தானே வைத்துக் குவித்தார். கொஞ்சம் திணறினார். குவிக்கும் திருகாணியை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். ஒருவழியாகத் திரையில் முகடு எழுந்தது.

"ஐநூத்திருபது புள்ளி ஏழு" என்றார், திரையைப் பார்த்தபடி. "எழுதுங்க மேடம்."

அவள் பேனாவை எடுத்துப் புதுப் பதிவேட்டின் முதல் வரியில் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பதிவேட்டை அவர் பக்கம் திருப்பினாள். அவர் குனிந்து, திரையை ஒருமுறையும் அவள் எழுதியதை ஒருமுறையும் பார்த்துவிட்டு, பிறகு தன் கையெழுத்தைப் போட்டார்.